தண்ணீர் நோட்டு

தொண்டைக்கு வெந்நீர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளும், மேடம். அதனால்தான் டீ வேண்டாம் என்றேன். தேவேந்திரன் என்றால் நாலு பேருக்குத் தெரிவது இந்தக் குரலால்தான். அதைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

தினமும் காலை ஐந்து மணிக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புவேன். என்ன காற்று அடிக்கிறது, ஏரியில் வலை போடும் முறை, அதாவது பாடு, இன்று யாருக்கு, எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சாவு. போன வருடம் நீங்கள் தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து, தண்ணீர் சோதிக்கும் தாள்களும் ஒரு நோட்டும் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து ஏரித் தண்ணீரும் செய்தியில் சேர்ந்தது. தாளை நனைக்க வேண்டும், நிறம் மாறினால் கெடுதல், அவ்வளவுதான். இப்போது அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஆடியில் ஒரு நாள் தாள் நிறம் மாறியது. யாரும் ஏரியில் இறங்க வேண்டாம் என்று அறிவித்தேன். எட்டு நாள் படகுகள் கரையில் கிடந்தன. மீஞ்சூர் மார்க்கெட்டில் எங்கள் இறாலைத் தொட ஆள் இல்லை. பிறகு நீங்கள் சென்னைக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு வந்தது. தண்ணீரில் ஒன்றும் இல்லை, தாள்தான் நமத்துப்போயிருந்ததாம். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள், உங்கள் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. மீன் ஏலக்கூடத்தில் என்னைப் பார்த்ததும் எங்கள் ஊர் சுரேஷ், "இன்னாண்ணா, ஏரிக்கு இன்னிக்கு ஜுரம் எவ்ளோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஐப்பசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு மிகவும் வலித்தது, மேடம். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அதனால் தை மாதம் தாள் மறுபடி நிறம் மாறியபோது நான் அவசரப்படவில்லை. வடக்கே இறால் வளர்க்கும் குட்டைகளிலிருந்து கால்வாயில் கறுப்பாக ஏதோ வந்துகொண்டிருந்தது. மடவை மீன் நாலைந்து செத்து மிதந்தன. என் வீட்டில் யாரையும் ஏரியில் கால் நனைக்க விடவில்லை. ஆனால் ஊருக்குச் சொல்வதென்றால் உறுதியாகத் தெரிய வேண்டும் அல்லவா? சென்னைக்கு அனுப்பினால் முடிவு வரப் பத்து நாள் ஆகும்.

படகில் போகிறவர்கள் மேல் தண்ணீர் அவ்வளவாகப் படாது. முத்தம்மாள் கையால் இறால் பிடிப்பவள். இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்தபடி சேற்றைத் துழாவுவாள். காலையில் இறங்கினால் மதியம்தான் ஏறுவாள். அவர்கள் குடியிருப்பு சாலைக்கு அந்தப் பக்கம். எங்கள் குழுவில் அவள் இல்லை, போனும் கிடையாது. அதனால் தினமும் என் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அன்றும் கேட்டாள்.

"அண்ணா, தண்ணி எப்டி கீது?"

"நல்லாதான் கீது. கால்வாய் ஓரமா போ முத்தம்மா, அங்கதான் இறால் கீது."

அவள் திரும்பி வரும்போது கையை நீட்டச் சொன்னேன். வலது கை விரல் இடுக்கில் அரிப்பு என்றாள். மறுநாள் மணிக்கட்டு வரை வீக்கம். "தண்ணியாலயாண்ணா?" என்று கேட்டாள். "நண்டு கடிச்சிருக்கும், மஞ்ச அரைச்சு வை" என்றேன். "நீயாவது கேக்கிறியேண்ணா" என்று சிரித்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் முழங்கை வரை கறுத்திருந்தது. அப்போதும் இறங்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன், நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

நாலாம் நாள் அவள் வரவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். அன்று காலை ஐந்து மணிக்கே நான் அறிவித்துவிட்டேன்: ஏரித் தண்ணீர் கெட்டிருக்கிறது, ஒருவரும் இறங்க வேண்டாம். குரலில் தயக்கமே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த முறை சென்னை முடிவும் அப்படியே வந்தது. கோயில் வாசலில் சுரேஷே எனக்குச் சால்வை போட்டு, "அண்ணன் சொன்னா கரெக்டா இருக்கும்" என்றான். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

முத்தம்மாளின் சாவைச் செய்தியில் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஊர்ச் சாவுகளைத்தான் சொல்வது வழக்கம். தெரிந்தே அனுப்பினேனா என்றும் கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்தேதான் அனுப்பினேன். அவளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. இங்கே தினமும் அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்கிற ஆள் அவள் ஒருத்திதான், வேறு யாரை அனுப்புவது?

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் இருக்கும் காவியா, முத்தம்மாளின் மகள். போன வாரத்திலிருந்து அம்மாவுக்குப் பதிலாக அவள் இறங்குகிறாள். பத்தொன்பது வயது, நல்ல சுறுசுறுப்பு. நேற்றுத் தாள் மறுபடியும் நிறம் மாறியது. இன்று மதியம் அவள் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் இல்லை. அதனால்தான் ஊருக்கு இன்னும் சொல்லவில்லை, மேடம்.