மைதானம் கூட்டியாயிற்று

ஹலோ... ஹலோ, தலைவரா? நான் நிஷாந்தி பேசுறேன். நம்ம சங்கத்து த்ரீவீலர கொஞ்சம் அனுப்ப... ஆ?... இல்லங்க, அவசரம்... சரி. சரி சரி, வாசிங்க. வாசிச்சு முடிக்காம என்னைய பேச விட மாட்டீங்க.

ம்... ம்... "இத்தால் மேற்பிரிவு மக்கள் யாவருக்கும் பெருமகிழ்வுடன் அறியத்தருவது யாதெனில்"... ம், கேக்குது... "பாதம் கிழிந்தும் பணியாத வெறுங்கால் வேங்கை, ஓராண்டு வனவாசத்தின் பின், இன்று காலை பத்து மணிக்கு மீண்டும் களமிறங்குகின்றார்"... யாரு தலைவரே அது?... நானா!... இல்ல, நல்லாத்தான் இருக்கு. வனவாசம்னு எழுதினது யாரு?... நீங்களேவா. நான் லயத்து வீட்டுலதான் கெடந்தேன். காலு தலகாணி மேல.

ஆமா, ஆமா, பேனரையும் பாத்தேன். ஒங்க படம் பெருசு, பிரதம அதிதி படம் அதவிடப் பெருசு. நான் மூலையில முத்திரை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கேன். பரவால்ல. ஓடுறவளுக்கு மொகம் எதுக்கு.

த்ரீவீலரு இப்ப எங்க நிக்குது?... ராகலை டவுன்லயா?... மாலை கட்டி முடிய எவ்வளவு நேரம்?... ஒரு மணித்தியாலமா... தோட்டத்துல இருக்கிறது அது ஒன்னுதானே, அதான்...

இல்ல, பயமெல்லாம் இல்ல. ஒம்பதாம் மாசம் டாக்டர் காயம் ஆறிருச்சு, ஓடலாம்னாரு. மொதல்ல கோயில் வாசல் புல்லுல நடந்தேன். பொறகு தார் ரோட்டுல. பாதம் பூரா கொப்புளம். பொறகு தோலு காஞ்சு கெட்டியாச்சு. போன வாரந்தான்... இருங்க, இத மட்டும் கேளுங்க. தேயிலை ஸ்டோரு வளைவு வரைக்கும் நிக்காம ஓடிட்டு வந்து, வாசல்ல நின்னு அழுதேன். எங்க வீட்டுக்காரரு யாரோ செத்துட்டாங்கன்னு ஓடி வந்தாரு... ம், சிரிங்க.

காலுக்குச் சப்பாத்தா? குடுத்தீங்க, இல்லேங்கல. பத்தாம் நம்பரு. எம் புள்ளைங்க ரெண்டும் அதுக்குள்ள ஒக்காந்து பஸ் ஓட்டுதுக. எனக்கு வெறுங்கால் வச்சாத்தான் எங்க ஈரம், எங்க சறுக்கும்னு தெரியும்... இல்லங்க, தத்துவமெல்லாம் இல்ல. பழக்கம்.

ஆனா டாக்டர் இன்னொன்னும் சொன்னாரு. அதே எடத்துல இன்னொரு தடவ வெட்டுப்பட்டா ஓட்டம் முடிஞ்சிச்சு. கொழுந்து பறிக்க மலைக்குக்கூட ஏற முடியாது. அதனாலதான் ஒரு மாசமா ஒங்ககிட்ட ஒரே ஒரு விசயம் கேட்டேன். மாலை கேக்கல, மைக்கு கேக்கல... ஆமா, அதேதான். கிரவுண்டுல மூனாவது வளைவு. போன வருசம் பொங்கல் விளையாட்டுக்கு மொத நாளு நம்ம சங்கத்து ஆளுங்க அங்க ஒக்காந்து குடிச்சு ஒடச்ச போத்தலுதானே எங் கால கிழிச்சிச்சு... யாருன்னு நான் பேரு சொல்லலியே. நீங்க ஏன் கத்துறீங்க?

சரி. கூட்டியாச்சா?... எப்ப?... நேத்தா. யாரு கூட்டினா?... மூக்கனா. நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களா?... ஐயோ, நீங்களே வெளக்கமாறு புடிச்சீங்களா!... வேங்கைக்காக. ம். மூனாவது வளைவும்?... புள்ளைங்க மேல ஆணையெல்லாம் வேணாம் தலைவரே, அதுக ஒன்னும் செய்யல.

ஆமா, ஆமா, வாட்ஸப்புல போட்டோ வந்துச்சு. மேடைப் பக்கம் நல்ல துப்புரவு. வளைவு எதுவும் அதுல தெரியல. கீழ "மைதானம் தயார்"னு போட்டு ரெண்டு கும்பிடு வேற. நம்பிட்டேன்.

ம்?... இல்ல, லயத்துல இல்ல. காத்து சத்தம் அது... விடிஞ்சவொடன வந்தேன். ஒங்க மைக்கு, கைதட்டு எல்லாம் வர்றதுக்கு முந்தி, யாரும் பாக்காம ஒரு சுத்து ஓடிப் பாப்போம்னு... ஆமா. கிரவுண்டுலதான்.

ரெண்டு வளைவு நல்லா ஓடினேன் தலைவரே.

...ஹலோ? கேக்குதா?

அதே காலுதான்... அதே எடம். சால்வையால இறுக்கிக் கட்டியிருக்கேன், ரெத்தம் நிக்கல. அதான் மொத பேச்சுலயே த்ரீவீலரு கேட்டேன்... வீட்டுக்காரரு வர்றாரு, ஆனா தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடப்பாரு?... ஆ?... பிரதம அதிதிக்கு என்ன சொல்றதா?

மாலைய அங்கயே வச்சிட்டு வண்டிய அனுப்புங்க... இல்ல, ஒங்களுக்கு அறிவிப்புத்தானே வேணும்? பேனா இருக்கா? எழுதிக்கோங்க. "இத்தால் மேற்பிரிவு மக்கள் யாவருக்கும் அறியத்தருவது யாதெனில்"... எழுதிட்டீங்களா?

மூனாவது வளைவ யாரும் கூட்டல.