நிலையில் இடிக்காத பெட்டி

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நம் பரங்காய் வட்டாரத் தலைவர் அவர்களே, வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வந்து, எழுந்து போக வழியில்லாமல் நடுநாற்காலியில் மாட்டிக்கொண்ட பொறியாளர் வில்யாமோர் அவர்களே, பின்வரிசையில் சாவு வீட்டு வழக்கப்படி ஆடும் சீட்டாட்டத்தை எனக்காக நிறுத்தியதுபோல் நடிக்கும் நண்பர்களே, தகரக் கொட்டகைகளிலிருந்து வந்திருக்கும் என் உறவுகளே! வணக்கம்.

களைப்பாக இருக்கிறது. உங்களுக்கும்தான். புயல் வந்து போனதிலிருந்து கூட்டம் போட்டுப் போட்டே தேய்ந்துவிட்டோம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஆளாக எழுந்து சண்டை போட்டவர், இன்று இந்தக் கூடைப்பந்துத் திடலில், பெட்டிக்குள், பேசாமல் கிடக்கிறார். வாடகைதாரர் சங்கத் தலைவி திருமதி குமெர்சிந்தா காபிதோக்! நம் சிந்தா அக்கா!

சொந்த வீட்டை இழந்தவர்களுக்குப் புது வீடு என்றார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு? "இழக்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்கள். அக்காவிடம் புருஷன் இருந்தார். பெட்டி இல்லாமல், ஜெபம் இல்லாமல், ஊரோடு சேர்த்து அவரை ஒரே குழியில் போட்டார்கள். அதைப் பற்றி அக்கா ஒரு நாளும் பேசியதில்லை. புது வீடுகளின் கதவைப் பற்றித்தான் பேசினார்.

மாதிரி வீட்டுத் திறப்பு விழாவை மறக்க முடியுமா? ரிப்பன் வெட்டப் போகும் நேரத்தில், வெற்றுச் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெறும் பெட்டி கனம் போதவில்லையாம். சுற்றிலும் பார்த்தார். கண் என்மேல் நின்றது.

"படுடா உள்ள. சும்மா படுத்துக் கெடக்கறதுல உன்ன மிஞ்ச ஆளிருக்கா?"

படுத்தேன். சங்கச் செயலாளராக நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். தூக்கினார்கள். கால் உள்ளே, தலை வெளியே என்று நின்றுவிட்டேன். கதவு அவ்வளவு குறுகல். நுழைந்ததுமே எதிரில் குளியலறைச் சுவர். திருப்பினார்கள், சாய்த்தார்கள், நிலையில் மடேர் மடேரென்று இடித்தார்கள். பெட்டி நிலையில் பட்டால் அந்த வீட்டில் அடுத்த சாவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே கிடந்தவனுக்குக் கூடுதலாகத் தெரிந்தது!

பொறியாளர் பொறுமையாகத்தான் சொன்னார்: "அம்மா, இது உயிரோட இருக்கறவங்களுக்குக் கட்டின வீடும்மா."

"உயிரோட இருக்கறவன்தான் சார் சாவான். மேட்டுத் தெருவுல காசு கொடுத்து வாங்கினவனுக்கு மட்டும் அகலக் கதவு வெச்சிருக்கீங்களே, அவன் என்ன ரெண்டு தடவ சாவானா?"

கதவு அகலமானதா, இல்லையா? சுவர் தள்ளிப் போனதா, இல்லையா? அந்தக் கதவு வழியாகத்தான் இங்கே பாதிப் பேர் குடியேறினீர்கள். அக்கா குடியேறவில்லை. கடைசி வரிசை வாடகைதாரர்களுக்கு என்று போராடி வாங்கினாரே, அந்த வரிசைக்காகக் கொட்டகையிலேயே காத்திருந்தார். வீடுகள் எழும்பிவிட்டன. ஆனால் சுற்றிலும் தகரம் அடித்துப் பூட்டியிருக்கிறது. 'ஓசியில் வருகிறவர்களுக்குப் பழைய குறுகல் கதவே போதும் என்று முடிவாகிவிட்டது' என்று மீன் சந்தையில் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியதில் எனக்கும் பங்குண்டு. பொய்யாக இருந்தால் எனக்குத்தான் முதல் சந்தோஷம்.

நோயில் விழுந்த அக்காவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "வீடு கெடச்சுடும்க்கா" என்றேன்.

"பொய் சொல்றப்பவாவது நிமுந்து சொல்லுடா" என்றார். மூச்சு வாங்கியது. "என்னை அந்தக் கடைசி வரிசைக்குத் தூக்கிட்டுப் போ. உள்ள போறனான்னு பாரு."

ஆகவே நண்பர்களே, நாளை திருப்பலி முடிந்ததும் நாம் நேராகக் கல்லறைக்குப் போகப் போவதில்லை. கடைசி வரிசைக்குப் போகிறோம். பொறியாளர் அவர்களே, தயவுசெய்து சாவியோடு வாருங்கள். அக்கா நிலையில் இடிக்காமல் உள்ளே போய்த் திரும்பினால், உங்கள் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு அவரை அடக்கம் செய்வோம். அன்றைக்கே கொட்டகைக்காரர்கள் குடி போகட்டும்.

இடித்தால்?

கத்த எங்களுக்குத் தெம்பில்லை. பெட்டியை அந்த வாசலிலேயே இறக்கி வைப்போம். பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். கதவு அகலமாகும்வரை சாவு வீடு அதுதான். காப்பி நீங்கள் கொண்டுவாருங்கள். சீட்டுக்கட்டு என்னிடம் இருக்கிறது.