அத்தான் கேட்ட டிரா

சதுரங்கப் போட்டியை நன்றாகவே நடத்தினார்கள் சார். மின்விசிறிகள் சத்தம் போட்டன, அவ்வளவுதான். மேசைகள் ஆடவில்லை, குடிக்கத் தண்ணீர் இருந்தது, நடுவர் யாரையும் பேசவிடவில்லை.

மூன்றாம் சுற்றில் எனக்கு எதிரே உட்கார்ந்தது என் அக்கா கணவர். இருவருமே சுமாரான ஆட்டக்காரர்கள்தான். கிளப்பைத் தாண்டினால் எங்களை யாருக்கும் தெரியாது. காய்களை அடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மாப்ளே, நைட் டியூட்டி முடிச்சு நேரா வந்துட்டியா? போர்டு மேலயே தூங்கிடாதே. காலேஜைப் பாதியில விட்ட மாதிரி இதையும் விட்டுட்டு ஓடிடாதே."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். கோபமெல்லாம் இல்லை, பழகிவிட்டது.

வெட்டி வெட்டி, கடைசியில் ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, சில சிப்பாய்கள் மிஞ்சின. யார் ஆடினாலும் சமன்தான். அவர் காயை நகர்த்திவிட்டு "டிரா?" என்று கேட்டு, கடிகாரத்தைத் தட்டினார். குரல் கம்மியிருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

அவருக்கு இதயத்தில் அடைப்பு உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அக்கா எனக்குக் காட்டியே வைத்திருக்கிறாள்.

டிரா கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. யோசிக்கலாம். ஓடுவது என் நேரம்தானே. யோசித்தேன்.

அவர் விரல்கள் பையைத் தடவின. பொத்தான் கழலவில்லை. "டேய்... மாத்திரைடா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றையாவது பாதியில் விடக்கூடாது என்று தோன்றியது.

நடுவர் வந்து குனிந்தார். "சாருக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல சார். தோத்துடுவோமோன்னு அத்தானுக்குப் பயம். எப்பவும் இப்படித்தான்."

நடுவர் புன்னகைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவர் முதுகையே அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தலை மெல்லச் சாய்ந்தது.

வேலையிடத்தில் எனக்கு எதிரே ஒரு காலி நாற்காலி உண்டு. அன்றைக்குப் பிறகு அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். மறுநாள் போனால் என்னைப் பார்த்தபடி இருந்தது. பெருக்க வருகிறவர் திருப்பியிருப்பார். தினமும் திருப்புகிறார்.

மாத்திரையை எடுத்துக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுக்கவில்லை. அவர் அசையாமல் போன பிறகு கடிகாரத்தை நிறுத்தினேன். டிராவுக்குச் சம்மதம் என்று முறைப்படி கையைப் பிடித்துக் குலுக்கினேன். சூடு இருந்தது.

கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதுங்கள். ஆனால் அவர் கேட்டதை நான் கொடுத்தேன். அத்தான் தோற்கவில்லை என்று அக்காவிடம் யாராவது சொல்லுங்கள் சார். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.