தர்மன் ஓடி ஜெயித்த வருஷம்

நான் வாழ்நாளில் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. மழை பிடித்துக்கொண்டால்கூட நடந்துதான் வீடு போய்ச் சேருவேன். ஆனால் விளையாட்டுச் செய்தி என்றால் எனக்கு உயிர். தபால் இன்ஸ்பெக்டர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை, அதுவும் வருஷத்தின் கடைசி நாளில், அரியலூரிலிருந்து வண்டியில் குலுங்கி வந்திருக்கிறீர்கள். முதலில் மோர் குடியுங்கள். மூன்று கடிதமும் ஒரு தந்தியும் எங்கே போயின என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கும் போகவில்லை. இதோ, இந்த மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை.

என் பெயர் தேவசகாயம். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார். இதே தாழ்வாரத்தில் தபாலும் பார்க்கிறேன். திருமானூருக்கும் ஏலாக்குறிச்சிக்கும் நடுவே கிடக்கும் இந்த ஊரில் தபாலைக் கையில் கொடுப்பது பாதி வேலைதான். பிரித்துப் படித்துக் காட்டுவது மீதிப் பாதி. ஞாயிறு சாயங்காலம் பத்திரிகையையும் நானே உரக்க வாசிப்பேன். எட்டு வருஷத்துக்கு முன் பெர்லினில் நம் ஹாக்கிக்காரர்கள் ஜெர்மனிக்கு எட்டு கோல் போட்ட சேதியை வாசித்தபோது, ஹாக்கி மட்டையைக் கண்ணால் பார்க்காத இந்தச் சனங்கள் வேட்டு வெடித்தார்கள். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவேயில்லை.

பிறகு யுத்தம் வந்தது. காகிதப் பஞ்சத்தில் பத்திரிகை இளைத்துப் போனது. இந்த 1944இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்திருக்க வேண்டும்; ரத்து செய்துவிட்டார்கள். பத்திரிகையில் குண்டு விழுந்த ஊர்களின் பெயர்கள்தான் இருந்தன. அவற்றை எத்தனை ராகம் போட்டு வாசித்தாலும் சனங்கள் கொட்டாவி விட்டார்கள். மே மாதம் ஒரு ஞாயிறு நான்கே பேர் வந்தார்கள். அதிலும் ஒருவர் தூங்கிவிட்டார். ஆகவே பத்திரிகையில் இல்லாத ஒலிம்பிக்கை, இருப்பதுபோல் வாசித்து, நானே நடத்துவது என்று முடிவு செய்தேன்.

சுமாராக நடத்தினேன் என்று யாரும் சொல்ல முடியாது. பின்லாந்துக்காரன் ஒருவன் ஈட்டி எறிந்தான்; திருமழபாடிக் கோயில் வாசலிலிருந்து எறிந்தால் கொள்ளிடத்தில் போய் விழும் தூரம். ஹங்கேரிப் பெண்ணொருத்தி நீச்சலில் நான்கு பதக்கம் வாங்கினாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன், நேரம், தூரம், பழைய சாதனை, புதிய சாதனை என்று. சடுகுடு ஏன் இல்லை என்று சனங்கள் கோபித்துக்கொண்டதால் அதையும் சேர்த்தேன். டென்மார்க் ஜெயித்தது. 

புகையிலை விவசாயி ஆரோக்கியசெல்வம் மட்டும் ஊரில் கொஞ்சம் யோசிக்கிற ஆசாமி. "ஏன் சார், வெள்ளைக்காரனும் ஜெர்மன்காரனும் ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கிட்டுக் கெடக்கான். ஓடறதுக்கு மட்டும் எப்படி ஒண்ணா வந்தான்?" என்று கேட்டார்.

"பதினாறு நாள் சண்டைக்கு லீவு விட்டிருக்கிறார்கள்" என்றேன்.

"அப்ப அத்தோட மொத்தமா நிறுத்திப்புடலாமே?"

"அது வேறு கமிட்டி."

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். 

ஆனாலும் ஜூன் மாதம் கூட்டம் மறுபடி மெலிந்தது. ஹங்கேரியும் டென்மார்க்கும் எத்தனை நாளைக்கு ருசிக்கும்? அப்போதுதான் தர்மன் நினைவுக்கு வந்தான். திருமானூரிலிருந்து தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவானே, அவன்தான். நாற்பத்திரண்டில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போயிருந்தான். அவன் தாய் பொன்னாயி கூலிக்காரி. அவர்கள் தெருவினர் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்றுதான் வாசிப்பைக் கேட்பார்கள். அது ஊர் வழக்கம். நான் ஏற்படுத்தியது அல்ல. லண்டன் பத்து மைல் ஓட்டத்துக்குப் பட்டாளத்திலிருந்து தர்மனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று வாசித்தேன். பந்தயம் அடுத்த ஞாயிறு என்றும் அறிவித்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமைதான் முதல் கடிதம் வந்தது. பெங்களூரில் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியிலிருந்து தர்மன் யாரையோ விட்டு எழுதியிருந்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். அம்மாவை யாராவது அரியலூரில் ரயிலேற்றி அனுப்ப வேண்டும், சார் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தான். 

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பந்தயத்துக்கு நாள் குறித்தாயிற்று. வரதராஜன்பேட்டையிலிருந்தெல்லாம் சனங்கள் வருவதாக இருந்தது. பொன்னாயி வேறு வெள்ளிக்கிழமையே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாத்தியாரய்யா, எம்புள்ள செருப்பு போட்டுக்கிட்டா ஓடுவான்?"

"வெறுங்கால்தான். அவனுக்கு அதுதானே பழக்கம்."

"கால்ல முள்ளு கிள்ளு ஏறிடாதுங்களே?"

"அந்த ஊரில் முள் கிடையாது" என்றேன். நிம்மதியாகப் போனாள்.

ஞாயிறு தர்மன் ஜெயித்தான். கடைசி ஒரு மைலில் இங்கிலாந்துக்காரனை முந்தினான். நான் வாசித்து முடித்ததும் எழுந்த சத்தம் பெர்லினைவிடப் பெரியது. ஆரோக்கியசெல்வம் தாமே வேலிப்படலைத் திறந்து, "பொன்னாயி, உள்ள வா. வெளிய எதுக்கு நிக்கிற?" என்று கூப்பிட்டு முன்வரிசை பெஞ்சில் உட்கார வைத்தார். ஐயா, அந்த பெஞ்சில் அவள் தெருவிலிருந்து ஒருவரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டி அவளை அங்கிருந்து நான் எழுப்ப வேண்டுமா? இதை நீங்கள் குறிப்பில் எழுதிக்கொள்வது நல்லது.

ஆகஸ்டில் இரண்டாவது கடிதம். அம்மா கிளம்பிவிட்டாளா என்று கேட்டிருந்தான். அப்போது அவன் ஆஸ்திரேலியாவில் ஓடிக்கொண்டிருந்தான். பாதிச் சுற்றுப்பயணத்தில் அவனைத் திருப்பி அழைப்பது முறையாகப் படவில்லை.

அக்டோபரில் வந்த மூன்றாவதை ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து. புண் உள்ளே புரையோடிவிட்டது, கட்டிலை வாசலுக்கு நேராகப் போடச் சொல்கிறான், ஒவ்வொரு ரயில் நேரத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கல் நெஞ்சுக்காரன் அல்ல. அந்த ஞாயிறு மனசு சரியில்லாமல்தான் அவனை ஐந்து மைலில் இரண்டாவதாக வர வைத்தேன். எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தால் யார்தான் நம்புவார்கள்? அதற்கே பொன்னாயி ஒரு வாரம் நடவுக்குப் போகாமல் படுத்துக்கிடந்தாள். இந்தத் தாய் எதைத் தாங்குவாள், எதைத் தாங்கமாட்டாள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

நவம்பரில் தந்தி வந்தது. நான்கே வார்த்தை. தந்திக்குக் கைநாட்டு வாங்கியாக வேண்டும் என்பது உங்கள் சட்டம். சட்டத்தை நான் மீறியதில்லை. மகனுக்குப் பதக்கம் வந்திருக்கிறது, சர்க்கார் ஆபீஸில் பத்திரமாக இருக்கும், ரசீதில் விரலை வை என்றேன். வைத்தாள். கட்டைவிரல் மையைக் கழுவாமலே மூன்று நாள் ஊரெல்லாம் காட்டித் திரிந்தாள். அந்தச் சிஸ்டர் விடாப்பிடிக்காரர் போலிருக்கிறது. கடிதம் எதற்கும் பதில் இல்லை, தந்திக்கு மட்டும் தாயின் கைநாட்டு எப்படி என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஒளிக்க ஒன்றுமில்லை. கடிதங்களை மறைத்தது நான். மகன் கூப்பிட்டது தெரிந்தும் தாயை அனுப்பாதது நான். அவன் ஜூனிலிருந்து நவம்பர் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்து செத்ததும் எனக்குத் தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒன்றே ஒன்று. இன்று சாயங்காலம் ஆண்டு முடிவுப் பட்டியல் வாசிக்கிற நாள். இந்த நோட்டில் உலக வெற்றி வீரர்கள் நாற்பத்தொரு பேர், சாதனைகள் பன்னிரண்டு. முதல் பெயர் தர்மன். வெளியே பாருங்கள், பொன்னாயி இப்போதே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள், தலையெல்லாம் வாரியிருக்கிறாள். நீங்கள் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. மகன் செத்துவிட்டான் என்று சொல்லுங்கள். அவன் ஓடவேயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா. அதை அவள் தாங்கமாட்டாள்.