புல்லுக்கட்டுத் தாங்கிச் சட்டம் நடத்திய பெருந்தகைக்கு

மேகம் மேயும் மேற்கு மலையடியில், ஏலம் மணக்கும் எம் போடிநாயக்கனூரில், கால் நூற்றாண்டுக் காலம் கல்லூரியின் வணிகவியல் துறைக்கு வாழ்வளித்து, இந்த 1986ஆம் ஆண்டில் பணிநிறைவு பெறும் பேராசிரியர் திரு. கோட்டைச்சாமி அவர்களே! கணக்கும் கனிவும் ஒருசேரக் கற்பித்த கண்ணியரே! பெருமிதம் பொங்கும் நெஞ்சோடு தங்களை வணங்குகிறோம்.

வரவு செலவின் வறட்சியை வாய்ச்சொல்லால் ஈரமாக்கியவர் தாங்கள். ராசிங்காபுரத்து உழவர் வீட்டுப் பிள்ளைக்கும், தேவாரத்திலிருந்து முதல் பஸ்சைப் பிடித்து வந்து பின்வரிசையில் கண்ணயரும் பிள்ளைக்கும் விளங்கும்வரை, ஒரே பாடத்தை வெவ்வேறு விதமாக விரிப்பீர்கள். சுண்ணக்கட்டி தேயும், தங்கள் பொறுமை தேயாது! எனினும், தங்கள் பணிக்காலத்தின் முடிமணியென நாங்கள் போற்றுவது, வகுப்பறைக்கு வெளியே, வெயில் காயும் சாலையில் தாங்கள் நடத்திய ஒரு பாடத்தை.

எட்டாண்டுகளுக்கு முன், போடிமெட்டு முகாம் முடிந்து மாணவரோடு இறங்கிய நம் கல்லூரி வேன், முந்தல் சாலையில் புல்லுக்கட்டுச் சுமந்து நடந்த சோலையம்மாளைப் பின்னிருந்து மோதிச் சாய்த்தது. அவரது இடுப்பெலும்பு முறிந்தது. ஓட்டுநர் உக்கிரபாண்டி ஹாரன் அடித்தார், வேகத்தைக் குறைக்கவில்லை. முன்னிருக்கையில் அமர்ந்து முழுவதையும் கண்டவர் தாங்கள். ஹாரன் அடித்துவிட்டால் அதன்பின் பழியெல்லாம் நடப்பவர் தலையில் என்பதே அந்நாளில் ஊரார் நம்பிக்கை. அடிபட்ட சோலையம்மாளும் அதையே நம்பினார்! மருத்துவமனைக் கட்டிலருகே தாங்கள் நின்றபோது அவர் சொன்னது இது:

"ஆரன் அடிச்சாக சார். நாந்தேன் ஒதுங்கல. டிரைவரு தம்பிய ஒண்ணும் சொல்லிப்புடாதிக."

இச்சொல்லையே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் அவர் சொன்னால் வழக்கு அன்றே முடிந்துவிடும். நடக்கவியலாத அப்பெண்ணுக்கு மருத்துவத்துக்கும் வழியிராது, பிழைப்புக்கும் வழியிராது. அவர் அவ்வாறே சொல்லட்டும் என்று நம் நிருவாகமும் காத்திருந்தது. எதிர்த்துச் சாட்சி சொன்னால் தங்கள் பணிக்கே கேடு வரலாம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 'நடப்பவரிடத்து ஓட்டுபவருக்குக் கவனக்கடமை உண்டு. பணியாளரின் கவனக்குறைவுக்கு உடைமையாளரே பொறுப்பு' என்று வணிகச் சட்ட வகுப்பில் ஆண்டுதோறும் கற்பித்த வரிகள் இப்போது கற்பித்தவரையே கேள்வி கேட்டன!

அவ்வரிகளுக்கு உரை சொல்வோர் பலர். உடம்பால் வாசித்தவர் தாங்கள் ஒருவரே. மறுவாரம் ஒரு பகற்பொழுதில், வேட்டியை மடித்துக் கட்டி, முழுப் புல்லுக்கட்டைத் தலையேற்றி, அதே முந்தல் சாலையில் நடந்தீர்கள்! தாங்களே சொல்லிவைத்தபடி, பின்னே ஒரு ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. ஊரே கூடிச் சிரித்தது. சாலையோர இட்லிக்கடை ஜக்கம்மாள் வாய்விட்டே கேட்டார்:

"வாத்தியாரய்யா, வீட்டுல எத்தன எருமை நிக்குது?"

"எருமை இல்ல ஆத்தா, வழக்கு ஒண்ணு நிக்குது!"

"அதுக்குப் புல்லு போட்டாப் பால் கறக்குமாக்கும்!"

ஜீப்பு எந்தப் பக்கம் வருகிறதென்று பார்க்கக் கழுத்தைத் திருப்பினீர்கள், கட்டு சரிந்தது, கட்டோடு தாங்களும் பள்ளத்தில் விழுந்தீர்கள். சிராய்த்த முழங்கையோடு நேரே சோலையம்மாளிடம் சென்று, "எனக்கும் ஒதுங்க முடியல தாயி" என்றீர்கள். அடிபட்ட நாள்முதல் சிரிக்காத அவர் அன்று சிரித்தார். "நல்லா வேணும் சாருக்கு! எங்க பொழப்ப வெளையாட்டுன்னு நெனச்சிகளாக்கும்" என்றவர், தங்கள் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, "அப்ப எம்மேல தப்பு இல்லையா சார்?" என்று கேட்டாராம். அக்கேள்வியில்தான் அவ்வழக்கு உயிர்பெற்றது.

தீர்ப்பாயத்தில், நம் கல்லூரியின் வழக்குரைஞரே தங்களைக் குடைந்தார்: "ஹாரன் சத்தம் கேட்டும் அவர் ஒதுங்கவில்லையே?"

"நானும் சுமந்து பாத்தேங்கய்யா. சத்தம் கேக்குது, வண்டி எந்தப் பக்கம் வருதுன்னு தெரியல. திரும்புனா விழுவோம். அடிச்ச ஹாரன் அந்தம்மாவக் காப்பாத்தல. பிரேக்க மிதிச்சிருந்தாக் காப்பாத்தியிருக்கும்."

கவனக்குறைவு வேனுடையது, பொறுப்பு கல்லூரியுடையது, நடந்தவர்மீது குற்றமில்லை எனத் தீர்ப்பாயிற்று. தங்கள் வாய்மை அத்தோடு நின்றதா? உக்கிரபாண்டியை விலக்க நிருவாகம் முனைந்தபோது, "ஊரே ஹாரன நம்பி ஓட்டுது, இவரை மட்டும் தண்டிச்சா யார் திருந்துவா?" என வாதாடி அவர் வேலையையும் காத்தீர்கள்! சிலகாலம் தங்களிடம் முகங்கொடாத நிருவாகமே இன்று இம்மேடையமைத்து மாலை சூட்டுகிறது. வாய்மைக்கு வணங்கிய அப்பெருந்தன்மையையும் போற்றுகிறோம்.

ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சோலையம்மாள், "சாருக்கு மாலை போடுறப்ப மெதுவாப் போடுங்கப்பா, கழுத்து திரும்பாது" என்று சொல்லியனுப்பியுள்ளார். அவ்வண்ணமே சூட்டினோம்.

ஐயா! தங்கள் நோயற்ற நெடுவாழ்வில் இல்லறம் இனிக்கட்டும். தங்கள் கால்கள் தளராதிருக்கட்டும்! நாளைமுதல் தாங்களும் இவ்வூர்ச் சாலையில் வெறும் பாதசாரியே. என்றேனும் ஒரு மாலையில் காய்கறிப் பையோடு முந்தல் சாலையில் மெல்ல நடக்கையில், பின்னே ஒரு வண்டி, ஹாரன் ஒலிக்காமல், தங்கள் நடைக்குத் தன் வேகத்தைத் தாழ்த்தி வருமாயின், திரும்பிப் பார்க்க வேண்டா. அது நம் கல்லூரி வேன். உக்கிரபாண்டிதான் ஓட்டுகிறார். தாங்கள் ஒதுங்கும்வரை அவர் காத்திருப்பார்.

என்றும் தங்கள் வழி நடக்கும்,
வேன் ஓட்டுநர் உக்கிரபாண்டி முதலாக,
கல்லூரி ஆசிரியர், அலுவலர், பணியாளர் அனைவரும்.