கட்டி இல்லையாம், வீக்கமாம்

— இன்னொரு தடவை சொல்லு. டாக்டர் பேசினப்போ பாதி என் காதுல ஏறல. கட்டி திரும்ப வரலையா?

— வரல. மூளையில ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தாங்கல்ல, அதுல புத்துநோயே இல்லையாம். போன வருஷம் குடுத்த கதிர்வீச்சுல கட்டி செத்துப்போச்சு. கூடவே பக்கத்துல இருந்த நல்ல சதையும் வெந்துபோச்சு.

— பிள்ளையார் பிடிக்கப்போன கதை. அப்ப இந்த இடது கை ஏன் செத்த பாம்பு மாதிரி தொங்குது?

— வெந்த இடத்தைச் சுத்தம் பண்ண உங்க எதிர்ப்பு செல்லெல்லாம் கிளம்பிச்சாம். வந்த வேலையை முடிச்சுட்டு அடங்கணுமில்ல? அடங்கல. நல்லா இருக்கறதையும் சேர்த்து அடிக்குது. ரத்தக்குழாய் கசிஞ்சு, நீர் கோத்து, வீங்கிப்போய் அழுத்துது. ஸ்கேன்ல பார்த்தா கட்டி மாதிரியே தெரியுமாம்.

— வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லு. எங்க பஸ் டெப்போவேதான். ஒரு டயர் பஞ்சர்னா பத்துப் பேர் ஓடி வருவான். டயர் அப்படியே இருக்கும், கண்ணாடி உடைஞ்சிருக்கும்.

— வீங்கறதுக்கு உங்களுக்கு மூளை இருந்திருக்கே, அதைச் சொல்லுங்க. எங்கம்மா நம்பவே மாட்டாங்க.

— மேடத்துக்கு வாய் நீண்டுபோச்சு.

— உங்ககிட்ட கத்துக்கிட்டது. வீல்சேரைத் தள்ளணும், காலை மேல வைங்க. மருந்துக்கடையில ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிட்டேன். அந்த செல் கூட்டத்தை இதுதான் அடக்குமாம். பசிக்கும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். நீங்களா நிறுத்தக்கூடாது.

— எரிச்சலா? எனக்கா? யாருக்கு மேடம் வித்தியாசம் தெரியப்போகுது?

— கட்டி திரும்பிடுச்சுன்னு நினைச்சு போன வாரம் டெப்போ மேனேஜருக்கு போன் போட்டீங்களே, அவருக்குத் தெரியும்.

— சாகப்போறவன் உண்மை பேசக்கூடாதா? "உனக்கு ஸ்டியரிங்குக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாது"ன்னேன். அவ்வளவுதான்.

— எங்கண்ணனை என்ன சொன்னீங்க?

— மச்சானைக் கட்டிப்பிடிச்சு அழுதேனே!

— அழுதுட்டு, "இனிமேலாவது பாடாதீங்க மச்சான்"னீங்க. மனுஷன் உங்களுக்காகப் பாடத்தான் வந்திருந்தாரு.

— உயிர் பயத்துல சொல்லிட்டேன்.

— இப்ப நல்லாயிட்டீங்கன்னு அவங்ககிட்ட யார் போய்ச் சொல்றது?

— கொஞ்ச நாள் போகட்டும். மேனேஜர் இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலியெல்லாம் சொல்லி வச்சிருப்பான். ஏமாந்துடுவான், பாவம். அது சரி, கை வருமா? பஸ் ஓட்டலாமா?

— வீக்கம் வடிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா வரலாமாம். முழுசா வரும்னு சத்தியம் பண்ண முடியாதுன்னாரு.

— சத்தியம் பண்ணாத டாக்டரை நம்பலாம். ஏய், என்ன நின்னுட்ட? லிஃப்ட் வந்துடுச்சு.

— போகட்டும். அடுத்ததுல போகலாம்.

— அழறியா? நான் பொழைச்சது உனக்கு அவ்வளவு வருத்தமா?

— கேலி பண்ணாதீங்க. உங்க வாய்க்குப் பயந்து விவாகரத்து வாங்கிட்டுப் போனவ நான். கட்டி திரும்பிடுச்சுன்னு கேட்டதும், "சாகப்போற மனுஷன், பார்த்துக்க ஆளில்ல"ன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். இப்ப பொழைச்சுட்டீங்க. இனிமே நான் என்ன சாக்கு சொல்லி உங்ககூட இருக்கறது?