புகைக்கூண்டின் உள்பக்கம்

பர்கர் எனக்குப் பிடிக்காது. அதைத் தின்ன வாயை அகலத் திறக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் வாய் திறப்பதெல்லாம் தம்பியின் வேலை.

தள்ளுவண்டியில் இரண்டு பேரும்தான் தொடங்கினோம். கறியைக் கொத்தி வட்டமாகத் தட்டியது நான். கூவி விற்றது அவன். வண்டி கடையானது, கடை ஊருக்கு ஊர் கிளை விட்டது. தட்டுவதற்கு இயந்திரம் வந்ததும் என்னைப் பெரிய கடையில் புகைக்கூண்டு சுத்தம் செய்யப் போட்டான். அடுப்புக்கு மேலே போகும் தகரக் குழாயில் கொழுப்புப் படிந்து கெட்டியாகும். சுரண்டாமல் விட்டால் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

ஒருநாள் பணம் போடப்போகிற பெரிய மனிதர் கடை பார்க்க வந்தார். “இவர் யாரு?” என்றார்.

“ரொம்ப நாளா நம்மகிட்ட வேலை செய்றவருங்க” என்றான் தம்பி.

அவர் போனதும் கேட்டேன். “அண்ணன்னு சொன்னா வாய் வெந்துடுமாடா?”

“உடம்பெல்லாம் கரியோட நிக்கிற. என்னன்னு சொல்றது? வெளிப்பக்கம் பளபளன்னு வை, போதும். உள்ள எவன் எட்டிப் பார்க்கப்போறான்?”

அன்றிலிருந்து வெளிப்பக்கம் மட்டும் துடைத்தேன். முகம் தெரியும் அளவுக்குத் துடைத்தேன். தினமும் குழாயை விரலால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றிருந்த சத்தம் போகப் போக மந்தமானது. கேட்க இதமாக இருந்தது.

அந்தப் பெரிய மனிதர் கையெழுத்துப் போட வருகிற நாளில் தம்பி தானே அடுப்பருகில் வந்து நின்றான். அடுப்புக்காரரிடம், “தீயை நல்லா ஏத்துப்பா, முதலாளி பார்க்கட்டும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதாண்ணே” என்றார்.

நான் கொல்லைப்புறம் போய்க் கதவை வெளியில் தாழிட்டேன். தீ மேலே குழாயில் பிடித்துக் கீழே கொட்டி, வாசல் பக்க வழியை அடைத்தது. கதவு தட்டப்பட்டது. தம்பியின் கை என்றுதான் நினைத்தேன். அவனோ விருந்தாளியை அழைக்க முன்னமே வாசலுக்குப் போயிருந்தானாம். தெருவிலிருந்து அவன் குரல் வந்தது. நான் உள்ளே இருப்பதாக நினைத்து, அத்தனை பேர் முன்னால், “அண்ணே, அண்ணே” என்று கதறினான். அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். பிறகு தட்டும் சத்தம் இல்லை.

உள்ளே கிடந்தது அடுப்புக்காரரும் பாத்திரம் கழுவும் அக்காவும். எனக்கென்று தினமும் டீயை மூடி வைப்பவள் அவள்.

ஐயா, நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எல்லாம் சரி. ஆனால் அந்த இருவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அவர்களை நான் கொன்றதாக எழுதியிருக்கிற வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.